ஏழாயிரம்பண்ணையிலிருந்து சூலக்கரைக்கு: பத்தவைக்கப் போன ஞாயிறு

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாயிரம்பண்ணையிலிருந்து சூலக்கரைக்குப் போய்வந்தேன். அங்கே மேக்கர் ஸ்பேஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய், அங்குள்ள கருவிகளை எடுத்து, எதையாவது செய்து பார்க்கலாம். ஒன்றுமே தெரியாதவர்களுக்கு நான்கு ஞாயிறு வகுப்பு, கட்டணம் கிடையாது என்று போனில் அறிவிப்பு வந்தது. எங்கள் ஊரிலிருந்து எப்படிப் போவது என்று தேடினேன். குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் வழி எழுதியிருக்கிறார்கள். சூலக்கரைக்கு யாரும் எழுதவில்லை. இனிமேல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக வருகிறது.

எனக்குப் பதினெட்டு வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கம்பெனியில் கை வெந்த வருஷம் அது. அம்மா மறுபடியும் பட்டாசு வேலைக்கே போகிறார். ஆனால் என்னை விடுவதில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து வெறும் அட்டைப் பெட்டி ஒட்டுகிறேன். இந்த வகுப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. சொன்னதும் அவர் சொன்ன பதில் இது:

“தீயில்லாத வேலைன்னா போ. மதினியக் கூட்டிக்கிட்டுப் போ. இருட்டுறதுக்கு முன்ன வீட்டுக்கு வந்துரணும். அங்கன என்ன இருக்குன்னு வந்து சொல்லு. மத்த மூணு வாரத்தப் பெறகு பாப்பம்.”

தீ கிடையாதும்மா, கம்ப்யூட்டர் மாதிரி என்று சொன்னேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். அந்த மூன்று வாரம் எனக்கு வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

காலை எட்டேகாலுக்குச் சாத்தூர் பஸ். டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மதினி என் அண்ணன் மனைவி, பெயர் கனி. கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறார். வாரம் ஆறு நாள் கம்பெனி வேனில் நசுங்கிப் போகிறவர், ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்து, “பஸ்ஸுன்னா இதான பஸ்ஸு” என்றார். ஞாயிறு என்பதால் வேன்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் நின்றன. காய்ந்த காட்டுக்கு நடுவே கம்பெனி அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தெரிந்தன.

வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பட்டாசு அறைக்கு ஒரு வாசல் போதாது. எதிரெதிரே வாசல் இருக்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வாசலை மறித்து ஒரு தூக்குவாளிகூட வைக்கக் கூடாது. புகையைப் பார்த்தால் ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கம்பெனிக்கே போகாத எனக்கும் இது மனப்பாடம். வீட்டில் பாய் விரிப்பதுகூட வாசலைப் பார்த்துத்தான்.

சாத்தூர் பதினைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு ஒரு கட்டு இருபது ரூபாய். கேட்டால் உப்பும் மிளகாய்த்தூளும் மடித்துத் தருவார்கள். மதினிதான் கேட்டு வாங்கினார். அங்கிருந்து விருதுநகர் பஸ், ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். சூலக்கரை, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் விருதுநகருக்கு முன்பே நாலுவழிச் சாலையில் வந்துவிடும். ஆனால் எல்லா பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கலெக்டர் ஆபீஸ் வளைவு ஜன்னலில் வந்து, போய்விட்டது. மதினி வெள்ளரிக்காயைக் கையில் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். இப்படியாக விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். டவுன் பஸ்ஸுக்கு நேரமில்லாததால் ஆட்டோ பிடித்தோம். நூற்று இருபது ரூபாய் வீண். வாயைத் திறந்திருந்தால் மிச்சம்.

ஆட்டோ அண்ணனிடம் மேக்கர் ஸ்பேஸ் என்றதும் அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“மேக்கப்பா? சூலக்கரையில பியூட்டி பார்லர் எங்கன இருக்கு?”

“ஏ செல்வி, மொதல்லயே சொல்லிருந்தா தலைக்காவது ஒழுங்காக் குளிச்சிருப்பேன்ல” என்றார் மதினி.

கலெக்டர் ஆபீஸ் தாண்டி, இரண்டாவது தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கிறது. பழைய உரக்கடை. முன்னால் ஷட்டர், மேலே புதுப் பலகை. பத்துமணி வகுப்புக்குப் பத்து நிமிஷம் பிந்திவிட்டோம். உள்ளே ஒன்பது பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் ரஷீதா அக்கா. இஞ்சினியரிங் படித்தவர். விருதுநகர் பஜாரில் அவர்கள் வீட்டில் மிக்ஸி, ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே கடையில் உட்கார்ந்து பழகிய கை. வாங்க, வாங்க என்று கூப்பிட்டு உள்பக்கம் இருந்த இரண்டு நாற்காலியைக் காட்டினார்.

நான் நாற்காலியைப் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தேன். வாசல் ஒன்றுதான். பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இரும்பு அலமாரி, அது நிறைய அட்டைப்பெட்டிகள். கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் ஷட்டர் பக்கமே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரு சின்ன விளக்கு. இருட்டினால் தானாக எரியும், வெளிச்சம் வந்தால் அணையும். ஆளுக்கு ஒரு சின்ன அட்டை, நாலைந்து துண்டு சாமான், ஒரு பேட்டரி. வெளிச்சத்தைப் பார்க்கிற துண்டு ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை. அதன் மேற்புறத்தில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடு போட்டிருந்தது. இதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. அப்புறம் ரஷீதா அக்கா சூட்டுக்கோலை எடுத்தார். அயர்ன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், பேனா மாதிரி இருக்கும். இன்னொரு கையில் ஈயக் கம்பி. ஒன்றுமே தெரியாதவர்களுக்குப் புரியட்டும் என்று, கடையில் பேசுகிற தமிழிலேயே சொன்னார்:

“இந்தக் கம்பிக்கு நடுவுல கொஞ்சம் மருந்து இருக்கு. இப்ப நான் பத்தவைக்கிறேன், பாருங்க.”

விருதுநகர் பஜாரில் மருந்து என்றால் ஈயம் பிடிப்பதற்கான பசை. பத்தவைப்பது என்றால் ஈயத்தை உருக்கி இணைப்பது. எங்கள் ஊரில் மருந்து என்றால் ஒரே மருந்துதான். பத்தவைப்பதற்கும் ஒரே அர்த்தம்தான். கம்பி கோலில் பட்டதும் வெள்ளைப் புகை எழுந்தது.

அடுத்து நான் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், வெறுங்காலோடு, ரோட்டில் நின்றேன். பக்கத்தில் மதினி. மொத்தம் நாலு பேர் ஓடியிருந்தோம். மற்ற இரண்டு பெண்களையும் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கியது. மதினி அவர்களைப் பார்த்து, “எந்த ஊரு?” என்றார். வெம்பக்கோட்டைப் பக்கம் என்றார்கள். அதுவும் பட்டாசு ஊர்தான். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. விருதுநகர்க்காரர்கள் யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை. நாற்காலியில் இருந்தபடியே ஷட்டர் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

எனக்கு அப்படியே பஸ் ஏறிவிடலாம் போல இருந்தது. ரஷீதா அக்கா அயர்னை வைத்துவிட்டு ஓடி வந்தார். யாருக்கும் சுட்டுவிட்டதா என்று கேட்டார். மதினிதான் பேசினார்.

“மருந்துங்கிறீக. பத்தவைக்கிறேங்கிறீக. பொகையும் வருது. இந்த மூணும் ஒண்ணா வந்தா நாங்க ரோட்டுல என்ன, சாத்தூர்லயே போயி நிப்போம்.”

அக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். மதினி சிரித்தார். வெம்பக்கோட்டைப் பெண்களும் சிரித்தார்கள். தப்பு என்னோடதுதான், இனிமே ஃப்ளக்ஸ்னே சொல்றேன், பத்தவைக்கிறதெல்லாம் வேண்டாம், ஒட்டுங்கன்னு சொல்றேன் என்றார் அக்கா. எல்லோரும் உள்ளே போனார்கள்.

நான் போகவில்லை. போகக் கூடாது என்றில்லை, கால் வரவில்லை. அது பசை, அது வெடிக்காது என்று தலைக்குப் புரிந்துவிட்டது. கால் மட்டும் ஷட்டருக்கு வெளியே நின்றது. மதினி உள்ளிருந்து கூப்பிட்டார். அப்புறம் வெளியே வந்து காதருகே, வேண்டாம்னா வீட்டுக்குப் போயிருவோம், அத்தைகிட்ட வகுப்பு இல்லன்னு சொல்லிக்கிடலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் மூன்று வாரமும் போச்சு. நாலாவது வாரம் நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன்.

ரஷீதா அக்கா வாசலுக்கு வந்து, என்னம்மா என்றார். காலையில் கண்டக்டரிடம் கேட்காத வாய் இது. முதல் தடவை நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

“அக்கா, பின்னால ஒரு கதவு இருக்குல்ல. அத தெறக்க முடியுமா?”

ஏன் என்று கேட்பார், விளக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அவர் திரும்பி அந்த அலமாரியைப் பார்த்தார். பிறகு வெம்பக்கோட்டைப் பெண்களைப் பார்த்தார். அவர்களும் அயர்னைத் தொடாமல் அந்தக் கதவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

அலமாரியை நகர்த்த ஆறு பேர் வேண்டியிருந்தது. படம் எடுத்தவரும் ஒரு மூலையைப் பிடித்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சுவரில் வரிசையாகத் தொங்கிய சுத்தியல்களில் பெரியதாக ஒன்றை எடுத்து மதினி இரண்டு போடு போட்டார். அவர் அன்றைக்குக் கற்றுக்கொண்ட முதல் கருவி அதுதான். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. வெளியே காலி மனை, கருவேலம், ஒரு ஆடு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. புகை கண்ணை எரிக்கிறது என்று போன மாதமே ஒருத்தர் சொன்னார், எனக்கு இது தோன்றவே இல்லை என்றார் ரஷீதா அக்கா.

அதற்குப் பிறகு நான் மேசையின் நடுவிலேயே உட்கார்ந்தேன். என் முதல் ஒட்டைப் பார்த்து, கோழி எச்சம் மாதிரி இருக்கு என்றார் மதினி. நாலாவது ஒட்டு பளபளவென்று வந்தது. ஒட்டுவது என்றால் எனக்குத் தெரியும். எவ்வளவு பசை போதும், எப்போது கையை எடுக்க வேண்டும், காய்வதற்குள் அசைக்கக் கூடாது, எல்லாம் பெட்டியில் பழகியதுதான். ஈயம் கொஞ்சம் வேகமாகக் காய்கிறது, அவ்வளவே. பேட்டரி மாட்டினால் விளக்கு எரியவில்லை. பல்பைத் திருப்பி மாட்டியிருந்தேன். கழற்றி மறுபடி ஒட்டி, கையால் மூடினேன். விரல் இடுக்கில் வெளிச்சம் வந்தது. கையை எடுத்தால் அணைந்தது. எத்தனை தடவை மூடி மூடிப் பார்த்தேன் என்று தெரியாது. மதினி, “போதும், அதுக்கு மூச்சு முட்டப் போவுது” என்றார்.

ஒரு மணிக்கு முடிந்தது. பக்கத்துக் கடையில் பரோட்டா, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தொண்ணூறு ரூபாய். திரும்பும்போது கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் சாத்தூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினோம். கைகாட்டியது நான்தான். சாத்தூரில் அம்மாவுக்குக் காராச்சேவு கால் கிலோ வாங்கிக்கொண்டோம். ஐந்தரைக்கு வீடு.

அம்மா காராச்சேவைப் பிரிக்கவில்லை. விளக்கை வாங்கி, தழும்பு இருக்கிற கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் முன்பு தெரியாமல் சொன்னதை முதலில் திருத்திவிட்டேன். தீ இல்லை, ஆனால் சூடு இருக்கிறது, புகை வரும், நாங்கள் ஓடினோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மதினி நடுவில் சிரிக்கப் பார்த்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா, என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. எத்தனை பேர், யார் சொல்லிக்கொடுக்கிறார் என்றும் கேட்கவில்லை.

“அந்த ரூமுக்கு எத்தன வாசல்?”

“ரெண்டும்மா.”

“உள்ள தெறக்குமா, வெளிய தெறக்குமா?”

“முன்ன ஷட்டர். பின்கதவு வெளிய.”

அம்மா விளக்கை ஜன்னல் கட்டையில் வைத்தார். “அப்ப போ” என்றார். பிறகுதான் காராச்சேவைப் பிரித்தார். நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போது வெளியே பொழுது இறங்கியது. யாரும் தொடாமல் அது தானாக எரிந்தது.

இதை எழுதும்போது நாலு வாரமும் முடிந்துவிட்டது. இப்போது வேறு வகுப்பு நடக்கிறது, அதற்கும் போகிறேன். நீங்கள் வருவதானால், சாத்தூரில் ஒன்பது மணிக்குள் பஸ் ஏறுங்கள். கலெக்டர் ஆபீஸ் நிற்குமா என்று கண்டக்டரிடம் சத்தமாகக் கேளுங்கள், அவர் கடிப்பதில்லை. பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் வந்தால் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லுங்கள், மேக்கர் ஸ்பேஸ் என்று சொல்லாதீர்கள். செருப்பைக் கழற்றி வாசலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள், நடுவில் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் உள்ளே நுழைந்ததும் பின்சுவரைத்தான் பார்ப்பீர்கள். கதவு திறந்துதான் இருக்கும். சில வாரம் புதுப் பெட்டிகள் வந்து அதற்கு முன்னால் இறங்கியிருக்கும். அப்போது ரஷீதா அக்காவிடம் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னாலும் போதும், நகர்த்திவிடுவார்கள்.