சத்தம் நிறுத்திய டிவி

காரைக்காலில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்கு ஒரு ஆங்கில டீச்சர் பாடம் எடுத்தார். ஒல்லியானவர்; கையில் எப்போதும் டிவி ரிமோட் இருக்கும். ஆங்கில நகைச்சுவைத் தொடரைப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளையே பேசவைப்பார்.

ஒருநாள் அங்கே எழுந்த சிரிப்பு தாங்காமல் சண்டைபோடப் போனேன். என் வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத, கடற்கரை மீனவர் வீட்டுப் பெண், திரையில் புருஷனைத் திட்டும் மனைவிக்காக ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

“இவ பேசவே மாட்டாளே டீச்சர்?”

“இப்பவும் இவ பேசலைங்க சார், டிவியில வர்ற அந்தம்மாதான் பேசுறாங்க. கொஞ்ச நாள்ல இவளே பேசுவா, பாருங்க.”

சில மாதம் கழித்து என் வகுப்பில் அவள் எழுந்து, நான் போட்ட கணக்கு தப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தப்புதான். சந்தோஷத்தில் பக்கத்து அறைக்கு ஓடினேன். டீச்சர் புதுச்சேரிக்கு மாற்றலாகிப் போயிருந்தது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.