மடக்காத துப்பாக்கி

காலை ஆறேகால் மணி. வாசல் பந்தலின் கீழ், வலைக் குவியலின் மேல் மூன்று பலூன் துப்பாக்கிகள் கிடந்தன. இரண்டு நடுவில் மடங்கியிருந்தன. ஒன்று நீட்டமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி. கோட்டைக்குப்பத்து அம்மன் திருவிழாவில் என் தாய்மாமன் பலூன் கடை போட்டிருந்தார். கடையில் அவர் கறார். சுட்டவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, குழலை மடக்கி, குண்டு இல்லை என்று பார்த்த பிறகுதான் கீழே வைப்பார். மடங்கியிருந்தால் காலி என்று அர்த்தம். முந்தைய மாலை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. குண்டு போட்ட துப்பாக்கியோடு சுடக் காத்திருந்தவர் அதைக் கடைப் பலகைமேல் போட்டுவிட்டு ஓடினார். மாமன் மூன்றையும் அள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து வலைமேல் வைத்தார். பிறகு அவற்றை அவர் தொடவில்லை.

காலையில் அவர் தரையில் உட்கார்ந்து சாக்கில் பலூன் பலகையைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் அப்பா, நைனா, வலை எடுக்க வந்தார்.

"இன்னா மச்சான், நெத்திலி காயப்போட்ட மாதிரி போட்டு வெச்சிக்கீற?"

"எடுத்துக் குடு மாமா, கட்டணும்," என்றார் மாமன்.

"குடுக்கறேன் இரு. பலூன் சுடறவனுக்கு இன்னா அவசரம், அது பறந்தா பூடப்போவுது?"

எங்கள் ஊரில் கத்தியை யாருக்குக் கொடுத்தாலும் கைப்பிடி வாங்குகிறவர் பக்கம் இருக்க வேண்டும். கூரான பக்கம் கொடுப்பவருடையது. அது மரியாதை. நைனா நீட்டமாக இருந்த துப்பாக்கியின் குழலைப் பிடித்து, பின்கட்டையை மாமன் பக்கம் இறக்கினார். குழல்வாய் நைனாவின் முகத்தைப் பார்த்திருந்தது. மாமன் பிடித்து இழுத்தபோது விரல் விசையில் பட்டது. சத்தம் சின்னதுதான், கடையில் கேட்கும் அதே சத்தம்.

நைனா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வலைமேல் உட்கார்ந்தார்.

பொன்னேரி பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஏரியில் மடவை மீன் கூட்டம் திரும்புவதைத் தண்ணீரின் நிறத்தை வைத்தே சொல்கிறவர் அவர். படகின் முன்முனையில் நின்று, தூரம் கணித்து வலை வீசுவார். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டதும் அது ஒன்றுதான்: "ஒத்தக் கண்ணுல தூரம் தெரியுமா டாக்டர்?" பழகப் பழகக் கொஞ்சம் தெரியும் என்றார் டாக்டர்.

மாமன் கட்டில் காலருகே நின்றார். "கடையில நூறு வாட்டி மடக்கிப் பாக்கறேன். வூட்ல பாக்கல மாமா."

"கத்தி மாதிரி குடுத்தவன் நானு," என்றார் நைனா. "நீ போய் டீ குடிச்சிட்டு வா."

மழைக்காலம் முடிந்து ஏரிக்குப் போன முதல் நாள், நைனா முன்முனையில் நின்று மூன்று முறை வலை வீசினார். மூன்றும் கூட்டத்துக்கு முன்னாலேயே விழுந்தன. அடுத்த நாள் அங்கே சித்தப்பா நின்றார். நைனா படகின் நடுவில் உட்கார்ந்து தண்ணீர் இறைத்தார்.