முகப்புப் படத்தில் இல்லாத கை

கந்தர்வக்கோட்டையில் நான் டிசைன் கடை வைத்திருக்கிறேன். முந்திரி வியாபாரி ஒருவர் தன் பேஸ்புக் பக்கத்துக்கு முகப்புப் படம் கேட்டார். பருப்பை ஏந்தி நிற்க, தன் கொட்டகையில் கூலிக்குக் கொட்டை உடைக்கும் ஓர் அம்மாவையே கூட்டி வந்தார். நல்ல சேலை, தலை நிறையக் கனகாம்பரம். கைகளை மட்டும் முந்தானைக்குள் சுருட்டியே வைத்திருந்தார். நீட்டச் சொல்லிப் படம் எடுத்தேன். முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.

“இந்தக் கையப் பாத்தா எவன்யா பருப்பு வாங்குவான்? வேற கை போடுப்பா” என்றார் வியாபாரி, அந்த அம்மாவின் முன்னாலேயே. எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன? இணையத்திலிருந்து ஒரு வெள்ளைக் கையை எடுத்து ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் அந்த அம்மா தனியாக வந்தார். திருப்பூரில் இருக்கும் மகளுக்குப் படத்தை அனுப்பச் சொன்னார். திரையில் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

“யாரு கைங்க தம்பி இது? ஒரு கொட்டகூட ஒடச்சிருக்காது போலருக்கே” என்று சிரித்தார். நானும் அசடாகச் சிரித்தேன்.

“அனுப்ப வேணாங்க. எங்கைய எம்மகளுக்குத் தெரியும்.”

முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். முதலில் எடுத்த படம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதை அனுப்பட்டுமா என்று கேட்கக்கூடத் துப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.