விஜயதசமிக்கு ஒரு பக்கம்

தொண்ணூறுகளில் மைசூர் விஜயநகரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஒல்லியான உடம்பு, வெயிலிலும் ஸ்வெட்டர். வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்ட நாடுகளின் ஆங்கில நாவல்களை, முதல் பதிப்பாக மட்டும் தேடித் தேடி, பீரோ நிறைய வைத்திருந்தார். இரவல் கேட்டால் முகம் சுருங்கிவிடும். பிரித்தால் பைண்டிங் விட்டுப்போகுமாம்.

ஒரு விஜயதசமியன்று போயிருந்தேன். சரஸ்வதி பூஜையில் அந்த நாவல்களை அடுக்கியிருந்தார். குங்குமம்கூட பிளாஸ்டிக் உறைக்கு மேல்தான். ஒன்றைப் பாதி திறந்து, எட்டிப் பார்த்தபடி ஒரு பக்கம் வாசித்து, மூடிவிட்டார்.

"அவ்வளவுதானா சார்?"

"பூஜை முடிஞ்சா ஒரு பக்கமாவது படிக்கணுமே! ரிட்டயர் ஆன வருஷம் ஆரம்பிச்சேன். வருஷத்துக்கு ஒண்ணு. இப்போ பதினோராம் பக்கம், ஹீரோ கப்பல் ஏறிட்டான்."

அவர் தர மறுத்த அதே நாவலை நான் லைப்ரரியில் எடுத்து இரண்டே நாளில் முடித்திருந்தேன். எரிச்சலில், "லண்டன்ல இறங்கினதும் அவன்..." என்று ஆரம்பித்தேன்.

"பேடா சார், வேண்டாம்!" கன்னடம் கலந்து பதறியபடி காதைப் பொத்திக்கொண்டார். "முடிவைச் சொல்லிட்டா அப்புறம் படிக்கிறதுல என்ன இருக்கு?"

நாவல் முந்நூறு பக்கம். அவருக்கு அப்போதே வயது அறுபத்தெட்டு.

இன்றும் விஜயதசமி வந்தால், அந்தக் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறதோ என்று கவலையாக இருக்கிறது.