எடை கூடிய காடு

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் மனைவிக்குப் புடவை தேடுகிறேன். பிற்பகல் ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் என் பேச்சு. மழைக்காடுகள் வெளியிடுவதைவிட அதிகமாகக் கரியமில வாயுவை விழுங்குகின்றன என்கிறது என் கணினி மாதிரி. காட்டுக்குள் நான் போனதில்லை, அட்டை கடிக்குமாம். மரங்களின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கிடச் செயற்கைக்கோளின் ரேடார் படங்களே போதும்; கூடிய எடைதான் காடு விழுங்கிய கரி.

நெசவாளர் ஒருவர் புதுப் புடவையைத் தராசில் வைக்கிறார். நெய்வதற்குக் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய பட்டும் சரிகையும் சேர்ந்த எடையைவிடக் கூடியிருக்கிறது. முதலாளி முறைக்கிறார்.

“இன்னாபா, எடை ஏறிக்கினு வருது?”

“மழைண்ணா. ஈரம் குடிச்சிருக்குது.”

“ஃபேன்ல காய வையி. அப்புறம் பாக்கலாம்.”

“கூடினால் லாபம்தானே?” என்கிறேன் நான்.

“கொறஞ்சா நேரா கேட்டுடலாம் சார். ஏறினாதான் சந்தேகம். நூலை உருவிட்டுத் தண்ணி தெளிச்சாலும் ஏறும்.”

“தெளிக்கவா? எங்க ஊட்டுல குடிக்கவே தண்ணி வரலண்ணா!” என்கிறார் நெசவாளர்.

சிரிக்கிறேன். பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

புடவை வாங்காமல் ஆட்டோவில் ஏறி மடிக்கணினியைத் திறக்கிறேன். என் படங்கள் அத்தனையும் அடைமழை மாதங்களில் எடுத்தவை. ரேடாருக்கு நனைந்த காடும் கனத்த காடாகத் தெரியக்கூடும். ஏனாத்தூர்ப் பெயர்ப்பலகை அதற்குள் வந்துவிடுகிறது.

“கொஞ்சம் மெதுவாகவே போங்கள்” என்கிறேன் ஓட்டுநரிடம்.