சர்ச் பியானோவின் ஊமைக் கட்டை

பேய், பிசாசு, ஆவி எதையும் நம்பியவனல்ல நான். திருத்தணியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன், சத்தம்தான் என் பிழைப்பு. கூரையில் கேட்பது பெருச்சாளியா, காற்றில் ஆடும் தகரமா என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் மனைவி கிரேஸ் எங்கள் தெருமுனை சர்ச்சில் பியானோ வாசிப்பவள். அவள் தம்பி டேனியலுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, வயலின் கையில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். வெளிநாட்டு இசைக்கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தான். வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சொனாட்டாவை வெட்டாமல் ஒட்டாமல் பதிவு செய்து கடைசி நாள் மாலைக்குள் அனுப்ப வேண்டும். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, விட்டால் ஆயுசுக்கும் கிடையாது.

எங்கள் ஊரில் அமைதிக்கு எங்கே போவது? கடைக்குக் கடை ஸ்பீக்கர். அதனால் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் பகலில் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாளைப் பிடித்தேன், அனுப்ப வேண்டிய கடைசி நாளும் அதுதான். ஊரே வாயை மூடிக்கொள்ளும், என் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடும். மைக்குகளைப் பியானோ பக்கத்தில் நிறுத்திவிட்டு, கதவைத் தாழிட்டு, கடைசி பெஞ்சில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன்.

மெதுவான பகுதி நெஞ்சை என்னவோ செய்தது. முடிவில் வயலின் நின்றதும் பியானோவில் ஒரே ஒரு ஸ்வரம் வர வேண்டும். கட்டை டொக்கென்றதே தவிர சத்தம் வரவில்லை.

"கடைசி சத்தம் வரலியே" என்றேன்.

"இன்னா பாவா சொல்றீங்க? நல்லாத்தான வருது!" என்றான் டேனியல்.

கிரேஸ் அந்தக் கட்டையைத் தட்டினாள். டொக். அவள் முகம் வெளுத்துவிட்டது. விஷயம் இதுதான். அதன் தந்தி இவர்கள் பிறப்பதற்கு முன்பே அறுந்துபோனது. ஆராதனைப் பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் சபையார் 'ம்ம்' என்று தாங்களே கொடுத்துவிடுவது இந்த சர்ச்சில் வழக்கம். கேட்டே வளர்ந்த அக்கா தம்பி காதில் அது பியானோவாகவே பதிந்துவிட்டது, தனியாகப் பயிற்சி செய்தபோதுகூட உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்குகிறவன் நான், எனக்குத்தான் ஓட்டை தெரிந்தது.

"போச்சு பாவா, எல்லாம் போச்சு" என்று டேனியல் வயலினைக் கீழே வைத்தான். கரண்ட் வரும் நேரமும் நெருங்கிவிட்டது. எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"இருக்கறத வச்சி வாசிடா. அழுதுகினு நின்னா தந்தி மொளைக்குமா?" என்றாள் கிரேஸ்.

வாசித்தார்கள். கடைசி இடம் வந்தது. கிரேஸ் கட்டையை அழுத்தினாள்.

ஹெட்போனில் 'ம்ம்' என்று கேட்டது. ஒரு குரல் அல்ல. ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையுமாக சர்ச் நிறைய ஆட்கள், வாய் திறக்காமல், பிசகாமல், அந்த ஒரே ஸ்வரம். கழற்றிப் பார்த்தேன், நிசப்தம். திரும்ப மாட்டினேன், மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாகப் பயம் வரவில்லை. மலைமேல் சந்நிதியில் திரை விலகும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அப்படிக் கூப்பிக்கொண்டிருந்தேன். பிறகு போட்டுக் காட்டினேன். கிரேஸ் வாய்விட்டு அழுதாள்.

அப்படியே அனுப்பினோம். இடம் கிடைத்தது, போய்விட்டான்.

அந்தப் பதிவை இன்றும் வைத்திருக்கிறேன். எழுந்து நின்று பாடுவதும், பாடி முடித்ததும் உட்காருவதும் அந்த சபையின் பழக்கம். ஸ்வரம் அடங்கியதும் பெஞ்சுகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிடுவது கேட்கிறது, தூரத்தில் கேட்பதுபோல. அது முடிந்து, தாமதமாக, இன்னொரு கிறீச். இது மட்டும் வலது காதுக்குப் பக்கத்தில். மைக்குகள் இருந்ததோ சர்ச்சின் அந்தக் கோடியில், கடைசி பெஞ்சின் சத்தம் அவ்வளவு பக்கத்தில் விழ வழியே இல்லை. கடைசி பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், என் வலப்பக்கம் காலியாகத்தான் இருந்தது.