உப்பு வயலின் கடைசி வரி

கடைசி வரி வருவதற்குச் சற்று முன்னால் பியோ கில்சான் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். உதட்டை ஒருமுறை ஈரப்படுத்துவார், கண்ணை மூடுவார். அதற்குப் பிறகுதான் குரல் அந்த உச்சிக்கு ஏறும். 'உப்பு வயல்' பாட்டை அவர் எங்கே பாடினாலும், கடலோரத் திருவிழாவானாலும் தொலைக்காட்சியானாலும், இது மாறாது. ஒக்புன் பல வருடங்களாக இதைப் பார்த்து வந்தவள்.

எப்போது அது நின்றது என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு குளிர்காலம் முடிந்து அவர் மறுபடி மேடைக்கு வந்தபோது, அந்த வரிக்கு அவர் முகத்தைத் திருப்பவில்லை. சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினார். கூட்டம் பாடியது. ரசிகர் மன்றத்தின் ஊதா ஜாக்கெட் போட்ட பெண்கள் அழுதுகொண்டே பாடினார்கள். "பாத்தியா, அந்த வரியையே அண்ணன் நமக்குக் குடுத்துட்டாரு" என்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். ஒக்புனும் பாடினாள். ஆனால் அவள் கண் மட்டும் அவருடைய இன்னொரு கையில் இருந்தது. அந்தக் கை கோட்டின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அவருக்கு அந்த உச்சி இனி எட்டாது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஒக்புன் மொக்போ துறைமுகத்து மீன் சந்தையின் பின்தெருவில் சோற்றுக்குத் தொடுகறிகள் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறாள். சோயாவில் ஊறிய நண்டு, வதக்கிய நெத்திலி, கடுகுக்கீரையைப் புளிக்கவைத்த கிம்ச்சி. பிறந்தது உப்பளத் தீவில். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வலைத் தொழிற்சாலைக்கு வந்தாள். 'உப்பு வயல்' வெளிவந்த வருடம் அங்கேதான் இருந்தாள். மேற்பார்வைக்காரரின் ரேடியோவில் அந்தக் கடைசி வரி வரும்போது முடிச்சுப் போடும் கைகள் எல்லாம் ஒரு நொடி நிற்கும். பேச்சு அவளுக்கு வராது. வாடிக்கைக்காரரிடம் பிரியத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு கரண்டி கூடுதலாக அள்ளி வைப்பாள், அவ்வளவுதான்.

டாக்சி ஓட்டும் அவள் கணவன் சங்தோ, "அவரு உனக்கு அண்ணன்னா எனக்கு மச்சான் முறைதானே? மச்சான் வீட்டுல இருந்து ஒரு வேளைச் சோறு வந்திருக்கா இதுவரைக்கும்?" என்று கேலி செய்வான். ஆனால் மன்றக் கூட்டத்துக்கு அவனே கொண்டுபோய் விடுவான்.

சந்தையில் எல்லோரும் அவளை "ஹ்யேஜின் அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் ஹ்யேஜின் கல்யாணமாகி இஞ்சோன் நகரத்துக்குப் போன பிறகும் அதே பெயர்தான். ரசிகர் மன்றத்தில் மட்டும் அவள் ஒக்புன். கச்சேரிக்குப் போகும் பேருந்தில் "ஏ ஒக்புன், கிம்பாப் சோத்துச் சுருள் இன்னும் மிச்சம் இருக்கா?" என்று யாராவது முன்வரிசையிலிருந்து கத்தினால், அவளுக்கு அந்த வாரம் போதும்.

கில்சான் பாட வந்து நாற்பது வருடமானதையொட்டி இசைத்தட்டுக் கம்பெனி ஒரு பெரிய பாடல் தொகுப்பு போடுவதாக அறிவித்தது. பெரும்பாலும் பழைய ஒலிப்பதிவுகள். ஆனால் ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதை அவர் அந்தந்த ஊர் அரங்கத்துக்கே வந்து, மன்றத்தார் முன்னிலையில் புதிதாகப் பாடுவார். அப்படியே பதிவு செய்து தொகுப்பில் சேர்ப்பார்கள்.

மொக்போ கிளை மிரானின் அழகு நிலையத்தில், அதன் விடுமுறை நாளில் கூடியது. மிரான் இருப்பவர்களில் சின்னவள், வாய் பெரியது. தலை உலர்த்தும் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கிளைத் தலைவி யாங்சுக் அக்கா நின்றுகொண்டாள்.

"இதுல பேச என்ன இருக்கு?" என்றாள் மிரான். "உப்பு வயல். நம்ம ஊர்ப் பாட்டு. இதை விட்டா குவாங்ஜு கிளைக்காரிங்க தூக்கிட்டுப் போயிடுவாளுங்க."

"அது இல்லாத தொகுப்பு எங்க இருக்கு?" என்றாள் எல்லோருக்கும் மூத்தவளான தொக்சிம் அக்கா. "எந்தக் கடையில எந்த இசைத்தட்டை வாங்கினாலும் மொதல்ல அதுதான் வருது. 'பனிக்குடை'யைச் சேருங்கடி. அது தட்டுக்குப் பின்பக்கத்துல வந்ததால யாரும் கண்டுக்கல."

"பனிக்குடையா! அக்கா, அது கேட்டா எனக்குத் தூக்கம்தான் வரும்."

"உனக்கு எதைக் கேட்டாலும் தூக்கம்தான் வரும். போன கச்சேரியில வாயத் தொறந்துட்டுத் தூங்கினியே, மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒக்புனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சு உப்பு வயல் பக்கமே சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தானே எதிர்பாராமல், "படகுத்துறைப் பாட்டு வேணாமா?" என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தில் கருத்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எது, தூறல் விழுற படகுத்துறையா?" என்றாள் மிரான். "அது தாழ்ந்த குரல்லயே போயிட்டுத் தாழ்ந்த குரல்லயே முடிஞ்சிரும். ஏன்க்கா அதைச் சொல்ற?"

"சும்மாதான்… நல்லா இருக்கும்னு."

"காரணம் சொன்னாத்தானே ஓட்டுப் போட முடியும்?" என்றாள் யாங்சுக், கனிவாகத்தான்.

காரணம் தொண்டை வரை வந்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் குவாங்ஜுவுக்குப் போய்விடும். மறுநாள் நாடு முழுக்க. அண்ணனுக்குக் குரல் போய்விட்டதாம், மொக்போ கிளையே சொல்கிறதாம். ஒக்புன் தலையைக் குனிந்துகொண்டாள்.

உப்பு வயல் என்று முடிவாயிற்று. போகட்டும், எப்போதும் போல அந்த வரியை நாங்கள் பாடிவிடுவோம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளும்போதுதான் யாங்சுக் கையை உயர்த்தினாள்.

"இன்னொரு விஷயம். கேட்டுக்கங்க. இது என்னைக்கும் அழியாத பதிவு. அதுல நம்ம காட்டுக் கத்தல் வேணாம். கடைசி வரியில அவரு மைக்கை நீட்டினாலும் ஒருத்தி வாயத் தொறக்கக் கூடாது. அண்ணன் குரல் மட்டும்தான் இருக்கணும். அது நாம அவருக்குக் குடுக்கிற பரிசு."

மிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொக்சிம் அக்காகூடக் கைதட்டினாள். அன்புதான், வேறொன்றும் இல்லை. அந்த உச்சியில் அவரைத் தனியாக விடப்போகிறார்கள் என்று ஒக்புனுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதன் பிறகு அவளுக்கு எதுவும் ஓடவில்லை. கிம்ச்சியில் உப்பு கூடிப்போயிற்று. ஒரு மாலை ஊறிய நண்டை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு யாங்சுக் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அந்த வாய மூடுற விஷயம்… அவரு எதிர்பார்ப்பாரே, நாம பாடுவோம்னு."

"எதிர்பார்க்கட்டும். அப்போதானே ஆச்சரியம்! என்னடி முகமெல்லாம் வெளுத்திருக்கு? நண்டு அருமையா இருக்கு போ."

அவள் திரும்பி வந்துவிட்டாள். சங்தோ சோறு தின்றபடி, "மச்சானுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பதிவு நாள் மதியம் அரங்கம் நிரம்பியது. ஊதா ஜாக்கெட்டுகள் முன்வரிசைகளில். வாயில் விரல் வைத்துக் காட்டியபடி யாங்சுக் வரிசை வரிசையாக ஒருமுறை போய் வந்தாள். கில்சான் வந்தார், இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார், பாடத் தொடங்கினார். நன்றாகவே பாடினார். இரண்டாம் சரணம் வரை ஒக்புன் மூச்சையே விடவில்லை.

கடைசி வரி வந்தது. சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார்.

யாரும் பாடவில்லை.

வாத்தியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, கண் பளபளக்க அவரைப் பார்த்தார்கள். அவர் சிரிப்பு மாறவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு கை மெல்ல, மிக மெல்ல, பின்னால் வரத் தொடங்கியது.

ஒக்புன் பாடினாள். சுருதி இல்லை, குரல் நடுவில் கிழிந்தது. அந்தப் பெரிய அரங்கத்தில் அது மட்டும் கேட்டது. பின்வரிசைகளில் மன்றத்தில் இல்லாத சிலர், ஏதோ தடங்கல் என்று நினைத்தோ என்னவோ, சேர்ந்துகொண்டார்கள். வரி முடிந்தது. கில்சான் குனிந்து வணங்கினார். அவளைப் பார்த்தா, பொதுவாகவா, தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் யாங்சுக் அவளைத் தடுத்து நிறுத்தினாள். "எத்தனை தடவை சொன்னேன்? உனக்கு மட்டும் காது கேக்காதா?"

"அவரு மைக்கை வாய்க்குத் திருப்பிட்டாரு, நான் பாத்தேன்" என்றாள் மிரான். "பாடப்போனாரு. நீதான் கெடுத்துட்ட. உன் குரல் தட்டுல வரணும்னு அவ்வளவு ஆசையா?"

ஒக்புன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "மன்னிச்சிருங்க" என்றுதான் சொன்னாள். ஆனால் மிரான் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒருவேளை அவர் பயிற்சி எடுத்து வந்திருந்தால்? அந்தக் கை மைக்கைக் கீழே இறக்கவா வந்தது, வாய்க்குக் கொண்டுபோகவா வந்தது? அவ்வளவு பார்த்தவளுக்கு அது மட்டும் பிடிபடவில்லை.

தொகுப்பு வசந்தத்தில் வெளிவந்தது. கம்பெனி அந்த இடத்தை வெட்டவில்லை. சங்தோ டாக்சியில் போட்டுக் கேட்டுவிட்டு, "உன் குரல்தான், சந்தேகமே இல்ல. சந்தையில நண்டுக்கு ஆள் கூப்பிடுற மாதிரியே இருக்கு" என்றான். ஒக்புன் இன்னும் கேட்கவில்லை. உறை பிரிக்காமல் கடை அலமாரியில் இருக்கிறது. குவாங்ஜுக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. கில்சான் இப்போது மேடையில் உப்பு வயல் பாடுவதில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, மன்றத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

தொக்சிம் அக்கா மட்டும் கடைக்கு வந்து நெத்திலி வாங்கிப் போகிறாள், எதுவும் கேட்பதில்லை. மிரான் எதிரே வந்தால் சாலையைக் கடந்துவிடுகிறாள். ஒக்புனை மன்றத்திலிருந்து நீக்கவில்லை. ஆனால் பேருந்தில் இடம் வைப்பதும் இல்லை. கச்சேரி நாளில் அவள் சங்தோவின் டாக்சியில் போகிறாள், ஊதா ஜாக்கெட் போடாமல் பின்வரிசையில் உட்காருகிறாள், பாட்டு முடிந்ததும் வந்துவிடுகிறாள்.